மாடிப் போர்ஷனும் மாஸ்டர் பிளானும்

தலைவர் அவர்களே, அறக்கட்டளைப் பொறுப்பாளர்களே, பேராசிரியர்களே, மாணவ நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் வீட்டு உரிமையாளர்களே, குடித்தனக்காரர்களே, வணக்கம்.

கடைசி இரண்டு விளிகளை வேண்டுமென்றேதான் சேர்த்துக்கொண்டேன். செங்கல்பட்டில் எந்த அரங்கில் பேசினாலும் வாடகை வாங்குகிறவர்களும் கொடுக்கிறவர்களும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டுமாக இருப்பவர்களும் உண்டு. மதுராந்தகத்தில் இருக்கும் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பிள்ளையின் படிப்புக்காக இங்கே வாடகைக்கு இருப்பார்கள்.

எளிய மக்களின் வீட்டு வசதி பற்றிப் பேசும்படி கேட்டார்கள். வீட்டு வசதி என்று சொன்னவுடன் நம் மனம் மனை, பட்டா, வங்கிக் கடன், கிரகப்பிரவேசம் என்று ஓடிவிடுகிறது. அரசின் மனமும் அந்த வழியிலேயே ஓடுகிறது. 2015இல் வந்த பிரதமரின் வீட்டு வசதித் திட்டமாகட்டும், 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் ஆகட்டும், அவை பெரும்பாலும் நிலம் வைத்திருப்பவருக்கோ கடன் பெறத் தகுதி உள்ளவருக்கோ உரியவை. கனவு இல்லத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். கிராமத்தில் குடிசை வைத்திருப்பவருக்கு அது பெரிய உதவி, அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு நகரங்களில் பத்தில் நான்கு குடும்பங்கள் வாடகை வீட்டில் இருந்தன. அந்த நால்வருக்காக நம் நகரத் திட்டங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடினால் பூங்காவுக்கு எவ்வளவு, சாலைக்கு எவ்வளவு, தொழிற்சாலைக்கு எவ்வளவு என்று இருக்கும். வாடகைக்கு எவ்வளவு என்று மட்டும் இருக்காது.

ஆகவே இன்று வாடகை வீட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். அதுவும் இந்த ஊரையும், இங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் வரும் மாமல்லபுரக் கடற்கரையையும் வைத்துக்கொண்டு.

2011 கணக்கில் செங்கல்பட்டு நகராட்சியின் மக்கள்தொகை 62,579. அதன்பிறகு ஊருக்கு வந்தவற்றை நினைத்துப் பாருங்கள். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனோம். ஆட்சியர் அலுவலகம் வந்தது, அதன் பின்னாலேயே ஒவ்வொரு துறையின் மாவட்ட அலுவலகமும் வந்தது. மாவட்டத்தை உருவாக்க ஓர் அரசாணை போதும். அதில் வேலை பார்க்க வரும் இளநிலை உதவியாளர் எங்கே குடியிருப்பார் என்று அந்த ஆணை சொல்வதில்லை. ஏற்கெனவே 1965 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள், நோயாளியோடு வாரக்கணக்கில் தங்க வருகிற உறவினர்கள் இருக்கிறார்கள். சந்திப்பு நிலையம் என்பதால் ரயில்வே ஊழியர்கள். ஒரு நிலையம் தள்ளிப் பரனூர், அங்கே மகிந்திரா வேர்ல்ட் சிட்டி. அதற்கும் வடக்கே சிங்கப்பெருமாள்கோவில், மறைமலைநகர், காட்டாங்கொளத்தூர், பொத்தேரி என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுக ஆலைகளும் கல்லூரிகளும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு, தென் மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வருகிறவர் இறங்குமிடமே நம் மாவட்டமாகிவிட்டது.

இத்தனை பேருக்கும் வீடு கட்டிக் கொடுத்தது யார்? வீட்டு வசதி வாரியத்தின் பங்கு சிறியது. அடுக்ககம் கட்டும் நிறுவனங்கள் விற்பதற்குக் கட்டுகின்றனவே ஒழிய வாடகைக்கு விடுவதற்காகக் கட்டுவதில்லை. கட்டியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், கணவர் இறந்தபின் வந்த பணத்தை மாடியாக மாற்றிய அம்மா. கீழே தாம் குடியிருந்துகொண்டு மேலே ஒரு போர்ஷனோ இரண்டு போர்ஷனோ எடுப்பார்கள். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, நின்றால் திரும்ப முடியாத சமையலறை, வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டு. இந்த வெளிப்படிக்கட்டுதான் அடையாளம். வீட்டுக்குள்ளே படி வைத்தவர் தன் குடும்பத்துக்காக மாடி கட்டினார், வெளியே வைத்தவர் வாடகைக்காகக் கட்டினார். செங்கல்பட்டில் மலிவு விலை வாடகை வீட்டுத் திட்டம் என்று ஒன்று இருக்குமானால், அது யாரும் அறிவிக்காமல் யாரும் திறந்து வைக்காமல் நடந்துகொண்டிருக்கும் இந்த மாடிப் போர்ஷன் திட்டந்தான்.

என் பேச்சின் சாரம் இவ்வளவே: சிறு நகரத்தில் வாடகை வீட்டை உண்டாக்குகிறவர் சிறு உரிமையாளர். திட்டம் அவரைப் பார்க்க வேண்டும். பார்த்தபிறகு, அவர் வீட்டுப் படியேற முடியாமல் நிற்கிறவரையும் பார்க்க வேண்டும்.

ஏன் ஏற முடியவில்லை? முதல் தடை வாடகை அல்ல, அட்வான்ஸ். ஆறாயிரம் ரூபாய் வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் அறுபதாயிரம். மாதம் பதினைந்தாயிரம் வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது நான்கு மாத முழுச் சம்பளம். அதோடு புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. வண்டி வைத்துச் சாமான் ஏற்றிய கூலி. பால் காய்ச்சும் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது அவரவர் பிரியம். இந்தப் பணத்தை அவர் எங்கே வாங்குவார்? நகையை வைப்பார், அல்லது வட்டிக்கு வாங்குவார். அந்த வட்டியும் வாடகைதான், உரிமையாளருக்குப் போகாத வாடகை. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாதத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அடுத்த குடித்தனக்காரர் அட்வான்ஸ் கொடுத்த பிறகு தருகிறேன் என்பாரும் உண்டு. பல உரிமையாளர்களிடம் அந்தப் பணம் கையில் இருப்பதில்லை, மாடி கட்டிய கடனுக்கு அது முன்பே போயிருக்கும்.

இரண்டாவது தடை சிறியது, ஆனால் மாதாமாதம் உறுத்துவது. 2016 முதல் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். இணைப்பு ஒன்றுக்கு ஒரு முறைதான் அந்தச் சலுகை. மாடிக்குத் தனி மீட்டர் வாங்காமல் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வசூலித்தால், அரசு ஏழைக்குக் கொடுத்த நூறு யூனிட் ஏழையின் கைக்கு வருவதில்லை. கட்டடத்தின் மொத்தப் பயன்பாடு ஏற ஏற மேல் வரம்பின் கட்டணம் விழும், அதையும் மாடிதான் சுமக்கும். மின்வாரியத் திண்ணையில் தீர்த்துவிடக்கூடிய இந்தச் சிக்கலை எந்த வீட்டு வசதிக் கொள்கையிலும் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது தடை பலகையில் எழுதியிருக்கும், சில சமயம் எழுதாமலும் இருக்கும். ‘குடும்பத்தினருக்கு மட்டும்’, ‘சைவம் மட்டும்’. எழுதாதது சாதி, மதம். ‘எந்தப் பக்கம் நீங்க, சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்றார்’ என்று மூன்று கேள்வியில் தெரிந்துகொண்டு, ‘நேத்துதான் ஒருத்தருக்குச் சொல்லிட்டேனே’ என்று முடிப்பார்கள். வடமாநிலத் தொழிலாளர் எட்டுப் பேர் ஒரே அறையில் ஏன் தங்குகிறார்கள் என்று கேட்கிறோம். அவர்களுக்கு விடுகிற வீடுகள் சில, அவற்றில் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், அதனால் எட்டுப் பேர். கல்லூரி மாணவர்களுக்கும் இதே தலைக்கணக்குதான். தலைக்கணக்கு வாடகை ஒரு தெருவுக்குள் நுழைந்துவிட்டால் அந்தத் தெருவில் குடும்பத்துக்கு வீடு கிடைப்பது அரிதாகிவிடும். நான்கு மாணவர்கள் சேர்ந்து தருவதை ஒரு தையல் தொழிலாளியின் குடும்பம் தர முடியாது.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. போர் முடிந்தும் அது போகவில்லை. 1960இல் விரிவான சட்டமாகி அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. நியாய வாடகை என்று ஒரு கணக்கு வைத்து, உரிமையாளர் நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி அது குடித்தனக்காரரைக் காத்தது. ஆனால் காப்பாற்றியது ஏற்கெனவே உள்ளே இருந்தவரைத்தான். வெளியே நின்றவருக்கு வீடு கொடுக்க உரிமையாளர்கள் அஞ்சினார்கள். வழக்குப் போட்டால் என் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும் என்ற பயம் வீட்டைப் பூட்டி வைக்கச் செய்தது. 2011 கணக்கில் இந்திய நகரங்களில் காலியாக இருந்த வீடுகள் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம். அத்தனையும் அந்த பயத்தால் பூட்டப்பட்டவை என்று சொல்லமாட்டேன். ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் முதலீட்டுக்காக வாங்கிப் போட்ட அடுக்ககங்களும் அதே கணக்கில்தான் வரும்.

பிறகு 2017இல் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகைக் கணக்கு போயிற்று. இருவரும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டதே வாடகை. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் அந்த அதிகாரி. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அப்படியானால் பத்து மாதம் எப்படி நடக்கிறது? அந்தப் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலொழிய என்ற விலக்கோடு தொடங்குகிறது. ஒப்பந்தத்தை எழுதுபவர் உரிமையாளர். கையெழுத்துப் போடாவிட்டால் வீடு இல்லை. வேலி கட்டியவரே வாசலையும் திறந்து வைத்துவிட்டார். இன்னொன்று, எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வெளியேற்றுவதற்குரிய காரணங்களில் ஒன்றாக அதே சட்டத்தில் வைக்கப்பட்டது. நாற்பது வருடம் வாய்ப்பேச்சில் குடியிருந்தவருக்கு அது என்ன பொருள் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மாத வாடகையே இல்லாமல் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியிருக்கும் போக்கியத்தையும் விட்டுவிடக் கூடாது. ‘லீசுக்கு வீடு’ என்று பலகை வைக்கிறார்களே, அதுதான். 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலேயே அனுபவ அடமானமாக அதற்கு இடம் உண்டு. தென்கொரியாவில் இதையே ஜொன்சே என்கிறார்கள். அங்கே பெருநகர நடுத்தர வர்க்கமே பல தலைமுறையாக இந்த முறையில் வாழ்ந்தது. வீட்டு விலை சரிந்தபோது உரிமையாளர்களால் தொகையைத் திருப்பித் தர முடியாமல் 2022, 2023இல் அது பெரும் அரசியல் பிரச்சினையாயிற்று. நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றும் அளவுக்குப் போனது. நம்மூரில் போக்கியப் பத்திரத்தைப் பதிவு செய்கிறவர்கள் குறைவு. விலை சரியும் காலம் நமக்கும் வரலாம்.

சரி, திட்டமிட்டுச் செய்தவை எப்படிப் போயின? நம் கண்முன்னே மூன்று மாதிரிகள் இருக்கின்றன.

ஒன்று, கல்பாக்கம். அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984இலும் இரண்டாவது 1986இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. ஆராய்ச்சி மையம் 1971இலேயே வந்துவிட்டது. அணுசக்தித் துறை வேலையோடு வீட்டையும் சேர்த்தே திட்டமிட்டது. கல்பாக்கத்திலும் அணுபுரத்திலும் குடியிருப்புகள், பள்ளி, மருத்துவமனை, விளையாட்டிடம். பதவிக்கேற்ற வகை வீடு, ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். நாட்டில் ஒரு நிறுவனம் தன் ஊழியருக்கு வீடு தந்த விதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடுவது கடினம். ஆனால் வேலிக்கு வெளியே புதுப்பட்டினத்தையும் சதுரங்கப்பட்டினத்தையும் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளருக்கு டவுன்ஷிப் கிடையாது. 2004இல் அதிவேக ஈனுலை கட்டுமானம் தொடங்கியதிலிருந்து வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர் அலை அலையாக வந்தபோது அவர்களை ஏற்றுக்கொண்டது இந்தக் கிராமங்களின் பின்கட்டுகளும் மாடிகளும். ஓய்வுபெற்ற ஊழியர்களோ திருக்கழுக்குன்றத்திலும் செங்கல்பட்டிலும் வீடு கட்டி, அவர்களே மாடிப் போர்ஷன் உரிமையாளர்கள் ஆனார்கள். திட்டமிட்ட டவுன்ஷிப் ஒன்று, திட்டமிடாத வாடகைச் சந்தையைச் சுற்றிலும் உண்டாக்கியது.

இரண்டாவது, மறைமலைநகர். சென்னைக்குத் துணைநகரம் என்று வரைந்து எழுப்பியது. மனைகளும் தொழில் நிலமும் ஒதுக்கினார்கள். ஃபோர்டு வந்தது, துணைப்பாகம் செய்யும் ஆலைகள் வந்தன. ஆலைச் சம்பளத்தை நம்பி ஊரைச் சுற்றிக் கடன் வாங்கி மாடி எடுத்தவர்கள் ஏராளம். 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது, அடுத்த ஆண்டு வண்டி உற்பத்தி நின்றது. 2024இல் திரும்பி வர விருப்பம் தெரிவித்தது வேறு கதை. இடைப்பட்ட காலத்தில் ஆலை ஊழியருக்கு இழப்பீட்டுப் பேச்சுவார்த்தை நடந்தது. அவர்களை நம்பி மாடி கட்டியவரோடு பேச யாரும் இல்லை. அது நியாயந்தான், அவர் தொழில் செய்தார், நட்டம் வந்தது. ஆனால் ஒரே ஆலையின் நிழலில் ஒரு நகரத்தின் வாடகைச் சந்தையை வளரவிடுவது நகரத் திட்டத்தின் குறை.

மூன்றாவது, அண்டை மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகால். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவு கெட்டு நோயுற்றபோது, சக தொழிலாளர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஊதிய உயர்வுக்காக நடந்த போராட்டம் அல்ல அது. தங்கும் இடத்துக்காக நடந்தது. தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றில் வீடு என்பது ஆலைக்குள் நுழைந்த நாள் என்று அதைச் சொல்வேன். அதன்பிறகு சிப்காட் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் வளாகத்தைக் கட்டியது, 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் அதைத் திறந்து வைத்தார். கூடுவாஞ்சேரியிலும் தாம்பரத்திலும் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. நல்ல முயற்சிகள். என் சந்தேகம் ஒன்றுதான்: இவை தருவது படுக்கை. இருபத்திரண்டு வயதில் வரும் பெண் இருபத்தாறில் திருமணம் செய்துகொண்டால், ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வந்தால், படுக்கை போதாது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறாள். பெண்கள் நீடித்து வேலையில் இருக்க வேண்டுமென்றால் விடுதிக்கு அடுத்த படியாகச் சிறு வாடகை வீடு இருக்க வேண்டும்.

பெரும்பாக்கத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அதுவும் நம் மாவட்டம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள், சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து கொண்டுவந்து அமர்த்தப்பட்டவர்கள். ஒதுக்கீடு பெற்றவர் சிலர் வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டு, வேலை இருக்கும் இடத்துக்கே திரும்பி வாடகைக்குப் போனார்கள். அதை முறைகேடு என்கிறார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் தொலைவை மக்கள் தம் கையால் திருத்திக்கொண்டது என்று நான் வாசிக்கிறேன்.

இனிக் கடற்கரைக்குப் போவோம். மாமல்லபுரத்தின் கதை வேறு. செங்கல்பட்டில் மாடி கட்டலாம், மாமல்லபுரத்தில் பல தெருக்களில் மாடி கட்டவே முடியாது. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. தொல்லியல் சட்டத்தின் 2010 திருத்தப்படி நினைவுச்சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் இருநூறு மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும். ஒரே ஒரு கோயில் இருக்கும் ஊரில் அது ஒரு வட்டம். குன்றும் ரதமும் மண்டபமும் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் இடத்தில் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஊரையே மூடிவிடுகின்றன. கிழக்குப் பக்கம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். மேற்கே போனால் நிலத்தின் விலை. 2002இல் கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கச் சாலையாகத் திறந்தபிறகு அதன் இருபுறமும் விடுதிக்கும் பண்ணை வீட்டுக்கும் போன நிலம் குடியிருப்புக்குத் திரும்பவில்லை.

இந்தச் சின்னங்களைக் காப்பது அவசியம். அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. கேள்வி, அந்தச் சின்னங்களால் பிழைக்கும் ஊரின் தொழிலாளி எங்கே இரவு படுப்பது என்பது. 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி இங்கே இருக்கிறது. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சிற்பிக்குக் குடியிருக்க வீடும் வேண்டும், பட்டறைக்கு இடமும் வேண்டும். கிரைண்டர் வந்த பிறகு கல்தூளும் சத்தமும் பத்து மடங்கு. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்கிறார், கொடுக்கத்தான் செய்வார். சாலையோரத்தில் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டு, அதற்கு மாத வாடகை கொடுத்து வேலை செய்கிறார்கள். வீட்டுக்கு ஒரு வாடகை, பட்டறைக்கு ஒரு வாடகை. நகரத் திட்டத்தில் குடியிருப்பு, தொழில் என்று நிறம் பிரிக்கும்போது, இரண்டும் கலந்த சிற்பியின் வாழ்க்கைக்கு நிறமே இல்லை.

ஒத்தவாடைத் தெருவை எடுத்துக்கொள்வோம். கடற்கரையை ஒட்டிய தெரு. வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்கிய காலத்தில் மீனவக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையைக் கொடுத்தார்கள், பிறகு மாடி, பிறகு உணவகம். இது அந்த மக்கள் தம் உழைப்பால் செய்துகொண்ட முன்னேற்றம், யாரும் குறைசொல்ல முடியாது. கோவளத்தில் அலைச்சறுக்கு வந்தபின் அங்கேயும் இதே போக்கு. 2019 ஜனவரியில் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, கடலோரச் சமூகத்தினர் தங்கள் வீட்டின் அளவையும் முகப்பையும் மாற்றாமல் ஹோம்ஸ்டே நடத்தலாம் என்று வெளிப்படையாக அனுமதித்தது. கவனியுங்கள், இரவுக் கணக்கில் வரும் பயணிக்காக அறிவிக்கையில் ஒரு வரி இடம்பெற்றது. மாதக் கணக்கில் இருக்கும் உணவகத் தொழிலாளிக்கு எதுவும் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு இரவில் வரும் பணம் மாத வாடகையின் பெரும்பகுதிக்குச் சமமானால், எந்த உரிமையாளர் மாத வாடகைக்கு விடுவார்? விடுதியில் அறை சுத்தம் செய்கிறவர் பூஞ்சேரியிலோ திருக்கழுக்குன்றத்திலோ வீடு பார்த்து, கடைசிப் பேருந்துக்கு ஓடுகிறார்.

மீனவர் குப்பங்களின் நிலம் இன்னும் சிக்கலானது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச் 30 அன்று அரசாணை 172 வந்தது. கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் இருப்பவர் உள்ளே தள்ளி வந்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் முந்நூறு சதுர அடிக்குச் சற்று மேற்பட்ட வீடு. பழைய இடத்தை அரசிடம் விட்டுவிட வேண்டும். வரமாட்டேன் என்றால் அங்கேயே இருக்கலாம், உதவி கிடையாது. கடலைப் பார்க்காமல் மீனவனால் தொழில் செய்ய முடியாது என்பது தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்த முந்நூறு சதுர அடியில் அன்று குடியேறிய தம்பதியின் பிள்ளைகளுக்கு இன்று கல்யாணம் ஆகிவிட்டது. அடுத்த தலைமுறைக்குக் குப்பத்துக்குள் இடமில்லை, வெளியே வாடகை கட்டுப்படி ஆகவில்லை. பூஞ்சேரியின் இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்கு 2021 நவம்பர் 4, தீபாவளியன்று, முதலமைச்சர் நேரில் வந்து பட்டாக்களும் நலத்திட்ட உதவிகளும் கொடுத்தார். பட்டா முதல் படி. இருளருக்கு வாடகைக்கு வீடு தரும் தெரு இந்த மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

என்ன செய்யலாம்? இந்த இடத்தில் வியன்னாவைச் சொல்வது சொற்பொழிவாளர்களின் வழக்கம். அந்த மாநகராட்சி 1923இல் வீட்டு வரி போட்டுப் பத்தாண்டுக்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாடகை வீடுகளைக் கட்டியது உண்மை. செங்கல்பட்டு நகராட்சியால் குப்பை லாரி வாங்கவே அரசிடம் கையேந்த வேண்டியிருக்கிறது. நம்மால் முடிந்ததைப் பேசுவோம்.

முதலில் எண்ண வேண்டும். 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் சொத்துவரியை ஆண்டு வாடகை மதிப்பின் மீதுதான் விதித்தது. நூறு வருடமாக வாடகையை வைத்து வரி வாங்கிய நகராட்சியிடம், எந்தத் தெருவில் என்ன வாடகை என்ற பதிவேடு இல்லை. ஒரு கட்டடத்தில் எத்தனை மின் இணைப்பு, எத்தனை சொத்துவரி எண், எத்தனை வெளிப்படிக்கட்டு என்று வார்டு வார்டாக எடுத்தால் கல்லூரி மாணவர்களே ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம்.

இரண்டாவது, சிறு உரிமையாளருக்கு ஊக்கம். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுபவருக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அதிகாரியிடம் அலையாமல் வீடு கட்டவே அதைக் கொண்டுவந்தார்கள். என் பார்வையில் அண்மைக்காலத்தில் வந்த மிகப்பெரிய வாடகை வீட்டுத் திட்டம் அதுதான், கொண்டுவந்தவர்களுக்கே அது தெரிந்திருக்காது. அதோடு ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: மாடிக்குத் தனி மீட்டர் வாங்கி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, மூன்று மாத அட்வான்சோடு நிறுத்திக்கொள்பவருக்குச் சொத்துவரியில் சலுகை. கட்டுப்பாட்டுக்கு அஞ்சி வீட்டைப் பூட்டியவர் சலுகைக்காகத் திறப்பார்.

மூன்றாவது, அட்வான்சுக்குக் கடன். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இல்லாத ஊர் இல்லை. நகைக்கும் பயிருக்கும் கடன் தருகிறவை வாடகை முன்பணத்துக்கும் தரட்டும். தொகை திரும்பி வரக்கூடியது, வாராக்கடன் ஆகும் ஆபத்து குறைவு. அதை உரிமையாளர் கையில் கொடுக்காமல் சங்கத்திலேயே வைத்து உத்தரவாதம் தந்தால் வெள்ளையடிக்கும் தகராறும் குறையும்.

நான்காவது, பெரிய மனைப்பிரிவுகளில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு ஒதுக்கும் பத்து சதவீதம். இப்போது அது மனையாக விற்கப்பட்டு, சில கைகள் மாறி, நலிந்தவர் அல்லாதவரிடம் போய்ச் சேர்கிறது. அதில் ஒரு பங்கையாவது விற்காமல் வாடகை வீடாகவே வைத்திருக்க விதி வேண்டும். மாமல்லபுரத்தில் இரவுக் கணக்கில் விடும் அறைகளுக்கு உரிமம் கொடுத்து, அதில் வரும் கட்டணத்தைச் சிற்பிகளின் குடியிருப்பும் பட்டறையும் சேர்ந்த ஒரு பகுதிக்குச் செலவிடலாம். ஹோம்ஸ்டே நடத்தும் மீனவக் குடும்பத்தையும் பத்து அறை வைத்திருக்கும் வெளியூர் முதலாளியையும் ஒரே தராசில் நிறுத்தாமல் இருந்தால் போதும்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், நேரம் இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை. சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022இல் அரசாணை வந்தது. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் தனித்தனியே புதுநகர் வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பணியைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் எடுத்துக்கொண்டிருக்கிறது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவுத் திட்டத்தின் மீது யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆலோசனையும் ஆட்சேபணையும் தரலாம். வழக்கமாக எழுதுகிறவர்கள், தங்கள் நிலத்தின் மீது சாலை வருவதைக் கண்ட நில உரிமையாளர்கள். வாடகைக்கு இருப்பவர் எழுதி நான் பார்த்ததில்லை. தனக்கு நிலமில்லை, எழுத என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்.

எழுதுங்கள். உங்கள் தெருவின் பெயர், கொடுக்கும் வாடகை, கொடுத்த அட்வான்ஸ், வேலைக்குப் போக ஆகும் நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் குழுமத்துக்கு அனுப்புங்கள். மாணவர்கள் தங்கள் வார்டில் நூறு குடும்பங்களுக்கு எழுதிக் கொடுங்கள். மாடி வைத்திருக்கும் பெரியவர்கள், நீங்களும் உங்கள் கடனையும் தவணையையும் எழுதி அனுப்புங்கள்.